நேராக நிற்கிறோமா? அலெக்சாண்டர் முறைப் பயிற்சியில் எங்கள் அனுபவம்

உட்காரும்போதும் நிற்கும்போதும் நம்மை அறியாமல் உடலை இறுக்கும் பழக்கத்தை விடக் கற்றுத்தருவது அலெக்சாண்டர் முறை. கழுத்துவலி தாங்காமல் லண்டனில் அதன் வகுப்பில் சேர்ந்தபோது, ஏதாவது உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள் என்றுதான் போனேன். முதல் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஆசிரியை என் பிடரியில் விரல்களை வைத்துக்கொண்டு, "இப்போது எழுந்திருக்கப் போகிறோம்" என்பார். சொன்ன மாத்திரத்தில், நான் இருக்கையை விட்டு அசையாதபோதே, பிடரித் தசை இறுகித் தலை பின்னுக்கு இழுபடுவது அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாது. நாற்பது வருடமாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்பவனுக்கு இது சற்று வெட்கமாகவே இருந்தது.

மூன்றாம் வகுப்பில் அவர் என்னை மெல்ல நகர்த்தி நிற்கவைத்தபோது, முன்பக்கம் கவிழ்ந்துவிடுவேன் என்று பயந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். அதில் நான் நேராக நின்றுகொண்டிருந்தேன். இத்தனை காலம் நேர் என்று நான் நம்பியிருந்தது, பின்னால் சாய்ந்த நிலை.

இந்த முறை பிறந்ததும் கண்ணாடி முன்னால்தான். 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்த ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர், மேடையில் கவிதையும் நாடக வசனமும் நிகழ்த்தும் கலைஞர். ஓய்வெடுத்தால் சரியாகும் குரல் மேடையேறியதும் மறுபடி கம்மியதால், பேசும்போது தாமே எதையோ செய்து அதைக் கெடுக்கிறோம் என்று யூகித்துக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாயால் மூச்சை உறிஞ்சுவது தெரிந்தது. திருத்திக்கொண்டதாக அவர் உணர்ந்த பிறகும் தலை பின்னுக்கே போவதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது. அதனால்தான் சரியான நிலையைத் தேடிப் பிடிப்பதைவிட, பழக்கம் கிளம்பும் கணத்தில் அதற்கு இடங்கொடாமல் நிற்பதையே இங்கே முதலில் பழக்குகிறார்கள். எழ நினைத்துவிட்டு எழாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

இதுவரை எழுதியவர் என் நண்பர்; அதோடு என் அனுபவத்தையும் இங்கே சேர்க்கிறேன். நான் போனது இடுப்புவலிக்காக. 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, 579 பேர் பங்கேற்ற ஆய்வைப் படித்துத்தான் சேர்ந்தேன். 24 வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு ஓராண்டு கழித்து நான்கு வாரத்தில் வலித்த நாள்கள் 3, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21. என் சிக்கல் வேறு. "கழுத்து தளரட்டும், தலை முன்னும் மேலுமாகப் போகட்டும்" என்று மனத்துக்குள் சொல்லச் சொன்னதை, நான் தசையால் செய்துகாட்டி, முன்பைவிட விறைப்பானேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, தலைக்கடியில் சில புத்தகங்களை அடுக்கி, முழங்காலை மடித்து, தரையில் தினமும் பதினைந்து நிமிடம் மல்லாந்து கிடக்கச் சொன்னார். படுத்திருக்கும்போது செய்துகாட்ட எதுவுமில்லை என்பதால் அந்த விறைப்பு தானாகக் குறைந்தது. கட்டணம் மட்டும் என் வசதிக்கு அதிகம். பதினோராவது வகுப்போடு நிறுத்திவிட்டேன். தொலைபேசி ஒலித்ததும் கழுத்து முந்திக்கொண்டு பாய்வதை இப்போதும் பார்க்கிறேன். சில நாள்களில் இரண்டு முறை மணி அடித்த பிறகே எடுக்கிறேன்.