புதுப்பிப்பு: கடல்நீர்த் தொட்டியின் வெப்பம் 31 டிகிரியிலிருந்து இறங்கிவிட்டது

சென்னைக் கோடையில் எனது முதல் கடல்நீர் மீன்தொட்டியின் வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது, மீன் விடுவதற்கு முன் என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), பனிக்கட்டி அடைத்த பாட்டில், மின்விசிறி என்று மூன்று யோசனைகள் வந்தன. பலன் தந்தது மின்விசிறிதான். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலையைப் பொருத்தி, சிறிய மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பில் சாய்வாகப் படுமாறு வைத்ததில் வெப்பநிலை 28 டிகிரிக்கு இறங்கியது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் மட்டும் 29 வரை ஏறுகிறது. பனிக்கட்டி பாட்டில் வெப்பத்தைச் சட்டென்று இறக்கி மீண்டும் ஏற்றிவிடுவதால், அதை மின்தடை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

எதிர்பாராதது உப்பின் அளவு. நீர் வேகமாக ஆவியாகிறது, உப்போ தொட்டியிலேயே தங்கிவிடுகிறது; ஆகவே உப்பளவைக் காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 ஆக இருந்த அடர்த்தி எண் 1.027 ஆக உயர்ந்ததுடன், மேல்விளிம்பில் வெள்ளைப் பொருக்கும் கட்டத் தொடங்கியது. குறையும் நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றாமல், கண்ணாடியில் குறித்த கோடுவரை நாள்தோறும் ஆர்.ஓ. நீரை மட்டுமே சேர்த்துவர, எண் பழைய நிலைக்குத் திரும்பியது.

மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீரில் பூஜ்யமான பின் விட்ட ஒரு ஜோடி கோமாளி மீன்கள் நன்றாக இரை எடுக்கின்றன.