போக்கரின் ‘ரேஞ்ச்’: தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் என்னும் பணயச் சீட்டாட்டத்தை வைத்து நிகழ்தகவு கற்பிக்கும் நூலைத் தமிழாக்குகிறேன். ஒருவருக்கு முதலில் வரும் இரு சீட்டுகளின் சேர்க்கை ஒரு ‘கை’. எந்தெந்தக் கைகளை ஆடுவது என்று ஒருவர் வகுத்துக்கொள்ளும் தொகுப்பை ‘ரேஞ்ச்’ என்கிறார்கள். பணயம் கூடிய மேசைக்கு ஏறும்போது அதை எப்படித் திருத்துவது என்பதே இந்த இயல். என்ன சொல்லலாம்?

கணித ஆசிரியை:
பாடநூலில் ‘வீச்சு’ இருக்கிறதே?

மொழிபெயர்ப்பாளர்:
அம்மா, வீச்சு என்றால் பெருமத்திலிருந்து சிறுமத்தைக் கழித்து வருவது. இங்கே தொடர்ச்சியே கிடையாது. சிறு பணய மேசையில் எந்தக் கையை வைத்துக்கொண்டும், ஈடாகப் பணயம் கட்டிக் கூடவே வருவார்கள். ராஜா-ஜாக்கி அங்கே பணம் தரும். பணயம் கூடிய மேசைக்குப் போனால் நாம் ஏற்றிய பணயத்தை எதிராளி மறுபடி ஏற்றுவார். வேறு வேறு சின்னத்தில் அமைந்த ராஜா-ஜாக்கி, ஏஸ்-ராஜாவிடம் சிக்கிக்கொள்ளும். ஆகவே சுற்றில் முதலில் முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் அதை ஆடாமல் கவிழ்த்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே சின்னத்து ஏஸ்-5 உள்ளே வருகிறது. நம்மிடம் ஓர் ஏஸ் இருந்தால், எதிராளிக்கு ஏஸ் இரட்டை அமையும் வழிகள் 6-லிருந்து 3 ஆகிவிடும். ஆகவே துணிந்து நாமே பணயத்தை மறு ஏற்றம் செய்யலாம். மொத்தம் 1,326 கைகளில் இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்குவதுதான் ரேஞ்ச்.

தமிழாசிரியர்:
அப்படியானால் ‘கைத்தொடை’. கணிதத்தில் ‘செட்’ (set) என்பதற்கு நம் பாடநூல் தரும் ‘கணம்’ வடசொல். இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்றே எழுதுகின்றன. தொடுப்பது தொடை, மோனையும் எதுகையும் தொடைதானே? சூதில் ‘கை’ வள்ளுவரிடமே உண்டு: ‘கவறும் கழகமும் கையும்’ (குறள் 935).

மென்பொருளாளர்:
ஐயா, அந்தக் ‘கை’க்குப் பரிமேலழகர் கைத்தொழில் என்று உரை சொல்கிறார். ஆடும் திறன் அது, கையிலுள்ள சீட்டு அன்று. கைத்தொடை என்றால் படிப்பவர் உடலுறுப்புகளை நினைப்பார். ‘ரேஞ்ச்’ என்றே எழுதுங்கள். ஆடுபவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தமிழாசிரியர்:
ஆடுபவர்களுக்கு நூல் எதற்குத் தம்பி? ஆடாத மாணவருக்குத்தானே சொல் வேண்டும்? பரிமேலழகர் உரை ஒன்றே முடிவாகிவிடாது. கவறு உருட்டும் கையையே குறள் குறிக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

கணித ஆசிரியை:
‘தேர்கை’? வினைத்தொகை. தேர்ந்த கை, தேர்கின்ற கை, தேரும் கை. மேசை மாற மாறத் தேர்வும் மாறுவதால் காலம் கரந்திருப்பது பொருத்தம்.

தமிழாசிரியர்:
அழகான சொல், அம்மா. ஆனால் வருகை, செய்கை போல இதையும் தொழிற்பெயராகவே படிப்பார்கள். தேர்கை என்றால் தேர்தல் என்றாகிவிடும்.

கணித ஆசிரியை:
பன்மையில் ‘தேர்கைகள்’ என்றால் குழப்பம் குறையும். தொகுப்பு என்பதும் புலப்படும்.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பாலோர் தனிமடலில் ‘தேர்கைகள்’ என்கிறார்கள். அதையே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ரேஞ்ச்’ என்று அடிக்குறிப்பு தருகிறேன்.

மென்பொருளாளர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். எதிராளியிடம் என்னென்ன இருக்கலாம் என்று நாம் ஊகிப்பதும் ரேஞ்ச்தான். அங்கே தேர்பவர் நாம் அல்லரே? அடுத்த இயலிலேயே இந்தச் சொல் இடறும்.

தமிழாசிரியர்:
தொடைக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.