வீட்டு துளசி, புதினா, லெமன்கிராஸ்ல டீ போட்டா வாசமே வரமாட்டேங்குது, என்ன பண்றது?

மாடித்தோட்டம்_சேலம்:
வணக்கம்ங்க. அம்மாபேட்டைல வீடு, மொட்ட மாடில தொட்டி வெச்சு துளசி, புதினா, கற்பூரவல்லி, லெமன்கிராஸ் எல்லாம் நல்லா புதரா வந்திருக்கு. சாயங்காலம் பால் டீய விட்டுட்டு இதப் போட்டு குடிக்கலாம்னு எல்லாத்தையும் ஒண்ணா சட்டில போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விட்டா ஒரே கசப்பு, செடில கிள்ளும்போது வர்ற வாசம் டம்ளர்ல சுத்தமா இல்ல. அப்புறம் காய வெச்சு டப்பால போடணும்னா நம்மூர் வெயில்ல மாடிலயே காய வைக்கலாமா?

ஏற்காட்டு மிளகுக்கொடி:
இலைய கொதிக்க விடாதீங்க, விஷயமே அதாங்க. துளசி, புதினா வாசம் எல்லாம் இலைல இருக்கற எண்ணெய், தொறந்து வெச்சு கொதிக்க விட்டா ஆவியோட போயிரும், அப்பறம் சட்டில நிக்கறது கசப்பு மட்டும் தான்.
லெமன்கிராஸ் தண்டு, இஞ்சி, மிளகு இதையெல்லாம் மட்டும் மொதல்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க. லெமன்கிராஸ்ல மேல இருக்கற தாளவிட வேருக்கு மேல வெளுப்பா தடிமனா இருக்குமே அந்த அடித்தண்டு தான் நல்லது, ஒரு தட்டு தட்டிப் போடுங்க. அடுப்ப அணைச்சு கொதி அடங்குனதும் துளசியும் புதினாவும் கைலயே கசக்கிப் போட்டு தட்டு வெச்சு மூடிருங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு தொறந்தா தட்டோட அடில முத்து முத்தா தண்ணி நிக்கும், அத கீழ ஊத்தாம டம்ளர்லயே தட்டி விடுங்க, போக இருந்த வாசம் அதுல தான் இருக்கு.
கற்பூரவல்லி ஒரே ஒரு இலை, அதுக்கு மேல போட்டா மத்த எதுவும் தெரியாது. இங்க மேல கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம்ங்கறதால தண்ணி 95 டிகிரி வாக்குலயே கொதிச்சிரும், அதனால இஞ்சிய இன்னுங் கொஞ்சம் நேரம் விடுவோம், கீழ உங்களுக்கு அது வேண்டியதில்ல.

கன்னங்குறிச்சி அக்கா:
தம்பி, மாடி வெயில் வேண்டவே வேண்டாம்ப்பா, பச்சையும் போயிரும் மணமும் போயிரும். வீட்டுக்குள்ள வெள்ளத்துணில ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பி ஃபேன் போட்டு விடு, சித்திரை வெயில்ல வீட்டுக்குள்ள இருக்கற சூடே போதும் சீக்கிரம் காஞ்சிரும். கைல எடுத்தா நொறுங்கணும், வளைஞ்சா டப்பால போடாத, பூஞ்சை புடிச்சிரும். பறிக்கறது காலைல பனி காஞ்சதுக்கு அப்பறம். துளசில கதிர் வந்தா வந்த உடனே கிள்ளிரு, விட்டா இலை சின்னதாப் போயிரும். காஞ்சது போட்டா பச்சைல போடறதுல மூணுல ஒரு பங்கு போதும். முக்கியமா போர் தண்ணில போடாத, நம்ம பக்கம் பாதி எடத்துல உப்பு, மேட்டூர் தண்ணி வர்றப்ப புடிச்சு வெச்சதுல போட்டுப் பாரு வித்தியாசம் தெரியும்.

மாடித்தோட்டம்_சேலம்:
ரொம்ப நன்றிங்க்கா, அண்ணாவுக்கும் நன்றி. வாசல்ல செம்பருத்தி நெறைய பூக்குது, அதுலயும் போடலாமா? அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க, அவங்களுக்கும் குடுக்கலாமா?

ஏற்காட்டு மிளகுக்கொடி:
கடைல ஹைபிஸ்கஸ் டீனு புளிப்பா விக்கறாங்களே அது வாசல் செம்பருத்தி இல்லீங்க, ரோசெல்னு புளிச்சக்கீரை வகை செடியோட செவப்பு புல்லி இதழ். அது பிரஷர கொஞ்சம் எறக்கும், மாத்திரையோட சேர்ந்தா ரொம்ப எறங்க வாய்ப்பிருக்கு, அதனால அம்மாவுக்கு டாக்டர கேக்காம குடுக்காதீங்க. வாசல்ல இருக்கறதுலயும் போடலாம், ஆனா புளிப்பு வராது. மருந்தடிக்காத செடியா பாத்து, காம்பும் நடுத்தண்டும் எடுத்துட்டு இதழ மட்டும் சுடுதண்ணில போடுங்க, கலங்கலா ஒரு ஊதா நெறத்துல தான் எறங்கும், எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டீங்கன்னா செக்கச்செவேல்னு மாறிரும். அலுமினியச் சட்டி வேண்டாம், எவர்சில்வர்லயே வைங்க.