டிஃபென்ஸ் வக்கீல், ஆக்டிவிஸ்ட், மூன்றாம் கட்சி: பென்சில்வேனியாவில் நிற்க என்னென்ன செய்யணும்?

வாசல்படி கேட்டது:

அமெரிக்காவில் கிரிமினல் டிஃபென்ஸ் வக்கீலாக இருப்பவர், ஜாமீன் சீர்திருத்தம், போலீஸ் அத்துமீறல் மாதிரி விஷயங்களில் களத்திலும் நிற்பவர், டெமாக்ரட் பிரைமரிக்குப் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) போகாமல் மூன்றாம் கட்சி வழியாகத் தேர்தலில் இறங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் பென்சில்வேனியா. கட்சி கிரீனோ, வொர்க்கிங் ஃபேமிலிஸோ இன்னும் முடிவாகவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை: கையில் இருக்கிற வழக்குகளை என்ன செய்வது? வாக்குச்சீட்டில் பெயர் வர எத்தனை வாக்காளர் கையெழுத்து வேண்டும், அது எங்கே கவிழும்? இந்த வழியில் போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா? கொள்கை விவாதம் வேண்டாம், நடைமுறையைச் சொல்லுங்கள்.

---

கறுப்பங்கி:

முதல் கேள்வி அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பது. எந்தக் கட்சி என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர் (வசதியற்றவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் வக்கீல்) அலுவலக ஊழியராக இருந்தால் கதவு மூடியாயிற்று. அவர்களுடைய நடத்தை விதியே கட்சி அரசியலைத் தடுக்கிறது. வேலையை விட்ட பிறகுதான் வாய் திறக்கலாம். கவுன்டி (மாவட்டம்) பப்ளிக் டிஃபெண்டர் என்றால், அரசு ஊழியர்களின் கட்சி அரசியலைக் கட்டுப்படுத்தும் ஹேட்ச் சட்டம் 2012 திருத்தத்துக்குப் பிறகு தளர்ந்துவிட்டது. சம்பளம் முழுக்க முழுக்க ஃபெடரல் பணத்தில் வந்தால்தான் கட்சி வேட்பாளராக நிற்கத் தடை. ஆனால் கவுன்டியின் சொந்த விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தனியாகத் தொழில் செய்துகொண்டு நீதிமன்ற நியமனத்தில் வழக்கு எடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆக்டிவிஸ்ட் பக்கம் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அவர் நடத்தும் அமைப்பு 501(சி)(3) வகையானால் (வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனம்), எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ அது அசையக் கூடாது. 1954லிருந்து இதுதான் சட்டம். அமைப்பின் மின்னஞ்சல் பட்டியலைத் தூக்கிப் பிரச்சாரத்துக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வேண்டுமென்றால் சந்தை விலைக்கு வாடகை கொடுத்து எடுக்க வேண்டும், அதே விலைக்கு மற்ற வேட்பாளர்களுக்கும் தரத் தயாராக இருக்க வேண்டும்.

இனி வழக்குக் கட்டுகள். நம்மூரில் வக்கீலுக்குக் கட்சிக்காரர் என்றால் ஒருவர், அரசியல்வாதிக்குக் கட்சிக்காரர் என்றால் வேறொருவர். இங்கே சிக்கலே இந்த இரண்டு பேரும் மோதிக்கொள்வதுதான். விசாரணை நடுவில் இருக்கும் வழக்கிலிருந்து நினைத்த மாத்திரத்தில் விலக முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும் (வக்கீல் நடத்தைக்கான மாதிரி விதி 1.16). அக்டோபரில் விசாரணைக்கு வரும் கொலை வழக்கை வைத்துக்கொண்டு நவம்பர் தேர்தலுக்கு நின்றால் இரண்டும் கெடும். பிரச்சாரம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே புது வழக்கு எடுப்பதைக் குறைத்துவிட வேண்டும்.

டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் தலைமை வக்கீல்) பதவிக்கு நின்றால் இன்னொரு முடிச்சு. அதே அலுவலகத்துக்கு எதிராக இன்று வாதாடுகிறார், நாளைக்கு அதன் தலைவராக விரும்புகிறார். இது விதி 1.7 சொல்லும் சொந்த நலன் மோதல். ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் விளக்கிச் சொல்லி எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்காமல் ஒரு நாள்கூடத் தொடரக் கூடாது.

ஜெயித்தால்? அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் காசு வாங்கி வக்கீல் தொழில் செய்ய முடியாது. மாநில சட்டமன்றத்தில் அந்தத் தடை இல்லை.

---

கையெழுத்துக்கட்டு:

கையெழுத்து விஷயத்த நான் சொல்றேன். மூன்றாம் கட்சிக்காரங்க பாதிப் பேர் தேர்தல்ல தோக்கறதில்ல, அதுக்கு முன்னாடியே தாள்ல தோத்துடறாங்க.

பென்சில்வேனியாவுல காங்கிரஸ், மாநில சட்டமன்றம் ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான்: அந்தத் தொகுதியில போன தேர்தல்ல ஜெயிச்சவர் வாங்கின அதிகபட்ச ஓட்டுல 2 சதவீதம். ஜெயிச்சவர் 2,10,000 ஓட்டு வாங்கியிருந்தா 4,200 கையெழுத்து. அதோட நிறுத்தினா செத்தீங்க, 6,500 எடுக்கணும். ஒரு ஆள் மணிக்கு 10 எடுத்தா நல்ல வேகம், அப்ப 650 மணி நேரம். 20 தொண்டர், ஆளுக்கு 4 மணி நேரம், 8 சனிக்கிழமை: அதுவே 640 மணி நேரம்தான். மழை வந்தா, ரெண்டு பேர் கழண்டுக்கிட்டா, கணக்கு உதைக்கும். பிரைமரிக்கு முன்னாடியே சுத்துக்கு விடலாம், கடைசி நாள் ஆகஸ்ட் 1. ஜூலை நடுவுல முடிச்சுட்டு மிச்ச ரெண்டு வாரம் சரிபார்க்க வைங்க.

எது அடிபடும்?
- வீடு மாறி, வாக்காளர் பட்டியல்ல பழைய முகவரியோட இருக்கறவங்க. இதுதான் பெரும்பங்கு.
- கணவருக்கும் சேர்த்து மனைவி போட்ட கையெழுத்து.
- ரெண்டு கவுன்டிக்காரங்க ஒரே தாள்ல. கவுன்டிக்கு ஒரு தாள், கலக்கவே கூடாது.
- தொகுதிக்கு வெளியே இருக்கறவங்க. மால், கல்லூரி வாசல்ல எடுத்தா இது குவியும்.
- தாளைச் சுத்தினவர் பின்பக்கம் தர வேண்டிய உறுதிமொழியில தப்பு. இதுல ஒரு கையெழுத்து போகாது, முழுத் தாளும் போயிடும்.

ஒவ்வொரு ராத்திரியும் அன்னைக்கு வந்த தாளை வாக்காளர் பட்டியலோட ஒப்பிட்டு, ஆள் வாரியா தேர்ச்சி விகிதம் எழுதி வைங்க. 80க்கு மேல எடுக்கறவரை இன்னும் அனுப்புங்க. 55ல இருக்கறவருக்கு வேற வேலை கொடுங்க.

ஆட்சேபம் எழுப்ப எதிராளிக்கு 7 நாள் இருக்கு. வெறும் மிரட்டல்னு நினைக்காதீங்க. 2004ல ஜனாதிபதி பதவிக்கு நின்ன ரால்ஃப் நேடர் அங்க 51,000 கையெழுத்துக்கு மேல கொடுத்தார், தேவை 25,697, தேறினது 19,000ஐக்கூடத் தொடல. அதோட நிக்கல, எதிர்த்தரப்பு வழக்குச் செலவுன்னு 81,000 டாலருக்கு மேல அவர் தலையில கட்டினாங்க. 2006ல கிரீன் செனட் வேட்பாளருக்கும் 80,000 சொச்சம். அந்தச் செலவுப் பயத்தை 2015ல ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் வெட்டிவிட்டது. ஆட்சேபம் மட்டும் அப்படியே இருக்கு.

இன்னொண்ணு: பிரைமரிக்கு 30 நாள் முன்னாடியே டெமாக்ரட் பதிவிலேருந்து வெளிய வந்திருக்கணும். வக்கீலுங்களே இத மறக்கறாங்க, ஏன்னா பதிவு பண்ணி இருபது வருஷம் ஆயிருக்கும். மாநிலப் பதவின்னா வருமான அறிக்கையை எத்திக்ஸ் கமிஷனுக்கும் நேரத்துல அனுப்பணும். 2014ல ஆளுநர் பதவிக்கு நின்ன ரிபப்ளிகன் ஒருத்தர் பேரையே இதுக்காக மாநில உச்ச நீதிமன்றம் அடிச்சது. அப்புறம் திருத்தித் தர்றேன்னு சொல்ல முடியாது.

---

பழையஏடு:

முன்னுதாரணம் கேட்டீர்கள். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வின்சென்ட் ஹாலினன், சான் ஃபிரான்சிஸ்கோ டிஃபென்ஸ் வக்கீல். தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸுக்காக வாதாடியபோது நீதிமன்ற அவமதிப்புக்காக 6 மாதத் தண்டனை பெற்றார். 1952ல் புரோக்ரசிவ் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். கட்சி மாநாடு கூடியபோது அவர் சிறையில். துணை ஜனாதிபதிக்கு நின்ற சார்லட்டா பாஸ், அந்தப் பதவிக்கு நின்ற முதல் கறுப்பினப் பெண். வாங்கிய ஓட்டு நாடு முழுக்க ஏறக்குறைய 1,40,000. மரியாதைக்குரிய பயணம்தான், ஆனால் அது பதவிக்கான பாதை இல்லை.

அதே ஊரில் மேட் கொன்சாலஸ். பப்ளிக் டிஃபெண்டர் அலுவலக வக்கீல். 2000ல் மேற்பார்வையாளர் குழு (அந்த நகரத்தின் மன்றம்) தேர்தலில், முதல் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவில் டெமாக்ரட்டிலிருந்து கிரீனுக்கு மாறினார். எல்லோரும் தற்கொலை என்றார்கள், ஜெயித்தார். 2003ல் குழுத் தலைவர். அதே ஆண்டு டிசம்பரில் மேயர் இறுதிச் சுற்றில் கேவின் நியூசமிடம் சுமார் 47க்கு 53 என்று தோற்றார்.

ஹாலினனைவிட அவர் திறமைசாலி என்று அர்த்தமில்லை. கலிஃபோர்னியாவில் நகரப் பதவிக்கான வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே அச்சாகாது, இறுதிச் சுற்றும் இருந்தது. ஓட்டைப் பிரித்துவிடுவான் என்ற பழி அங்கே ஒட்டவில்லை.

பென்சில்வேனியாவில் அதற்கு இணையான இடம் பிலடெல்ஃபியா நகர மன்றம். நகரம் முழுமைக்கும் 7 இடங்கள், எந்தக் கட்சியும் 5 பேரைத்தான் நிறுத்தலாம். ஆக 2 இடம் பெரும்பான்மைக் கட்சிக்கு எட்டாது. பல பத்தாண்டுகள் அவை ரிபப்ளிகன்களின் சொத்து மாதிரி இருந்தன. வொர்க்கிங் ஃபேமிலிஸ் 2019ல் கெண்ட்ரா புரூக்ஸ் மூலம் ஒன்றையும், 2023ல் நிக்கோலஸ் ஓ'ரூர்க் மூலம் மற்றதையும் எடுத்தது. என் கருத்து: காங்கிரஸுக்கு நிற்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

---

வாசல்படி:

நன்றி. இரண்டு துணைக்கேள்வி. நியூயார்க்கில் ஒரே ஆளை இரண்டு கட்சி நிறுத்துகிறார்களே, அது இங்கே உதவாதா? அப்புறம், அவருடைய சட்ட அலுவலகத்தையே பிரச்சார அலுவலகமாக வைத்துக்கொள்ளலாமா?

---

கணக்குப்பிள்ளை:

ஃபியூஷன் (ஒரே ஆளை இரண்டு கட்சி நிறுத்துவது) பற்றி: நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் அது நடைமுறையில் இருக்கிறது. மாநிலங்கள் அதைத் தடை செய்யலாம் என்று 1997ல் டிம்மன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூயார்க்கும் சொர்க்கம் இல்லை. கட்சி அந்தஸ்தைக் (அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற நிலை) காக்க முன்பு ஆளுநர் தேர்தலில் 50,000 ஓட்டு போதும். 2020லிருந்து 1,30,000 ஓட்டு அல்லது 2 சதவீதம், எது அதிகமோ அது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கிரீனும் லிபர்டேரியனும் அந்த ஆண்டே அந்தஸ்தை இழந்தன.

அலுவலகம் பற்றி: அது இன்கார்ப்பரேட் செய்த புரொஃபெஷனல் கார்ப்பரேஷனா, பார்ட்னர்ஷிப்பா என்று முதலில் பாருங்கள். ஃபெடரல் தேர்தலில் கார்ப்பரேஷன் ஒரு டாலர்கூடத் தர முடியாது. ஜெராக்ஸ் மெஷின், வரவேற்பாளரின் நேரம் எல்லாமே நன்கொடைதான். பங்குதாரரோ ஊழியரோ சொந்தத் தொண்டுக்காக வாரம் ஒரு மணி நேரம் அல்லது மாதம் நாலு மணி நேரம் பயன்படுத்தினால் விதிவிலக்கு உண்டு. அதற்கு மேல் என்றால் பிரச்சாரக் கணக்கிலிருந்து வாடகை கொடுங்கள். கட்சிக்காரர் பணம் கிடக்கும் டிரஸ்ட் கணக்கின் பக்கமே போகக் கூடாது, ஒரே நாளில் திருப்பி வைத்தாலும் வக்கீல் உரிமம் போகலாம்.

பிரச்சார வரவோ செலவோ 5,000 டாலரைத் தாண்டினால் ஃபெடரல் வேட்பாளர். ஃபெடரல் தேர்தல் ஆணையத்துக்கு 15 நாளில் படிவம் 2 (வேட்பாளர் அறிவிப்பு), அதிலிருந்து 10 நாளில் படிவம் 1 (பிரச்சாரக் குழுப் பதிவு). தனிநபர் வரம்பு 2025–26ல் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரி இல்லாத மூன்றாம் கட்சி வேட்பாளருக்கும் பிரைமரிக்கான தனி வரம்பு உண்டு, பலர் இதைத் தெரியாமல் பாதிப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

---

கறுப்பங்கி:

ஒன்று விட்டுப்போச்சு. எதிர்த்தரப்பு விளம்பரம் எப்படி வரும் என்று இப்போதே தெரியும்: 'குழந்தையைக் கெடுத்தவனுக்காக வாதாடியவர்.' கட்சிக்காரருக்காக ஆஜராவது அவருடைய கருத்தை ஏற்பதாகாது என்று விதி 1.2(பி) சொல்கிறது, அதை மேடையில் சொல்லலாம். 'அந்த வழக்கில் உண்மையில் நடந்தது என்னவென்றால்' என்று ஆரம்பிக்கத்தான் கூடாது. தீர்ப்பில் பதிவான தகவலாக இருந்தாலும் வக்கீலுக்கு அது ரகசியம்தான் என்று அமெரிக்க பார் அசோசியேஷனின் 480ஆம் கருத்துரை (2018) தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே தாள் சுற்றுக்கு விடும் முன்பே, மோசமாகத் தெரியக்கூடிய பத்து வழக்குகளைப் பட்டியலிட்டு, அந்தப் பழைய கட்சிக்காரர்களில் யார் எழுத்தில் சம்மதம் தருவார்கள் என்று கேட்டு வாங்கி வைக்கட்டும். தராதவர் வழக்கைப் பற்றி வேட்பாளர் சொல்லக்கூடிய பதில் ஒரே வாக்கியம்தான்: ஆஜராவது கருத்தை ஏற்பதாகாது. அதைத் தொண்டர்களுக்கும் மனப்பாடம் செய்துவைக்க வேண்டும்.