கோரே தீவின் அடிமை வீடு: எந்தக் கதையைச் சொல்வது?

சுவடியன்:
செனகல் தலைநகர் டக்காருக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கோரே தீவில், 1776 வாக்கில் கட்டப்பட்ட 'அடிமை வீடு' இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதன் காப்பாளராகப் பல்லாண்டுகள் இருந்து 2009இல் மறைந்த பூபக்கர் ஜோசஃப் என்டியாய், கடலைப் பார்த்த 'திரும்பா வாசல்' வழியே பல லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டதாகச் சொல்லிவந்தார். பிலிப் கர்ட்டின் போன்ற வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. கப்பல் பதிவேடுகளின்படி தீவு முழுவதிலிருந்தும் சென்றவர்களே சில பத்தாயிரம் பேர்தான். வாசலுக்கு வெளியிலோ பாறைகள், அங்கே கப்பல் அணைவது கடினம். தவறென்று தெரிந்த பிறகும் அதே கதையைச் சொல்வது முறையா?

நெய்தல்:
கடலில் போனவரின் உடல் கிடைக்காத வீட்டில் படத்தை வைத்து விளக்கேற்றுகிறோமே, அங்கே போய்ப் பதிவேடு கேட்பீர்களா ஐயா? அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 1.25 கோடி பேரில் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1992இல் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்க வந்து நின்றது இந்த வீட்டில்தான்.

சுவடியன்:
விளக்கை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. ஓர் எண் பொய்யென்று தெரிந்தால் எல்லாமே பொய் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாமே ஆயுதத்தைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

மாடிப்படி:
இருவரும் வாசலையே பார்க்கிறீர்கள், உரிமையாளர்கள் வாழ்ந்த மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டைப் பாருங்கள். வீட்டை நடத்தியது ஆன் பெப்பின் குடும்பம். 'சிஞ்ஞார்' எனப்பட்ட, பெரும்பாலும் ஐரோப்பிய-ஆப்பிரிக்கக் கலப்பு வழிவந்த வணிகப் பெண்களில் அவரும் ஒருவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் அடிமைகள். துவைத்தும் தானியம் இடித்தும் அங்கேயே வாழ்ந்து மடிந்தவர்கள். அடிமைகளை அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும் கீழறைகளை, வெறும் சரக்கறைகள் என்போரும் உண்டு. அப்படியே இருந்தாலும், அடிமையின் உழைப்பில் மேல்தளம் வாழ்ந்தது என்பதற்கு எந்த மிகையும் தேவையில்லையே.

நெய்தல்:
உண்மைதான். ஆனால் 'வீட்டு அடிமை' என்றதும், ஏதோ தாயாய்ப் பிள்ளையாய் இருந்ததைப்போல ஒரு தொனி வந்துவிடுகிறது. எந்த நாளிலும் விற்கப்படலாம் என்ற அச்சத்தோடுதான் அவர்கள் இடித்தார்கள்.

மாடிப்படி:
அதையும் சேர்த்தே எழுதட்டும்.

சுவடியன்:
அப்படியானால் வாசலருகே திருத்திய கணக்கோடு ஒரு பலகை வைப்பதில் யாருக்கும் மறுப்பில்லை அல்லவா?

நெய்தல்:
பலகை இருக்கட்டும், ஆனால் படிக்கட்டருகே வையுங்கள். கடல் கடந்து வந்து அந்த வாசலில் அழுதுகொண்டு நிற்பவரிடம் கணக்கை நீட்டாதீர்கள்.