பழைய கார் கடை: ஃபேஸ்புக்ல எதைப் போட்டா ஆள் நம்புவாங்க?

உபிக்காரன்: சிங்கப்பூர் உபி வட்டாரத்துல மாமாவோட பழைய கார் கடை. ஃபேஸ்புக், டிக்டாக் ரெண்டும் என் தலையில. பளபளன்னு படம் போட்டா லைக் வருது, ஆள் வரல. என்ன செய்யலாம்?

ஈசூன் அக்கா: தம்பி, வாங்குற பக்கத்துலேர்ந்து சொல்றேன். "விலைக்கு பிஎம் பண்ணுங்க"ன்னு பார்த்தாலே நான் அடுத்த கடைக்குப் போயிடுவேன். விலை, சிஓஇ (கார் வச்சுக்கிறதுக்கான உரிமச் சான்று) எப்ப முடியுது, எத்தனை ஓனர், ஓடின கிலோமீட்டர் எல்லாம் பதிவுலயே இருக்கணும். வருஷ டிப்ரிசியேஷன், அதான் வருஷத்துக்குக் குறையுற மதிப்பு, கம்மின்னு கொட்டை எழுத்துல போடுறீங்க. பார்ஃப் பணத்தை (காரைப் பதிவுலேர்ந்து எடுக்கும்போது அரசாங்கம் திருப்பித் தர்றது) கழிச்ச கணக்கான்னு மட்டும் சொல்றதில்ல. எரிச்சலா வருது. பம்பர்ல கீறல் இருந்தா கிட்டப் போய் வீடியோ எடு.

பழைய மெக்கானிக்: விகாம் மாதிரி வெளி வாகனப் பரிசோதனை நிலையத்துல பரிசோதிச்ச ரிப்போர்ட்டை முழுசாப் போடுங்க. 2012லேர்ந்து லெமன் லா (குறையுள்ள பொருளை வாங்கினவங்களைக் காப்பாத்துற சட்டம்) இருக்கு, பழைய காருக்கும் பொருந்தும். 6 மாசத்துக்குள்ள தெரியுற குறை, கடைக்காரர் மாத்தி நிரூபிக்காத வரைக்கும், கொடுக்கும்போதே இருந்ததாத்தான் கணக்கு. அதையும் எழுதுங்க.

உபிக்காரன்: கீறலைக் காட்ட மாமா ஒத்துக்கணுமே! மோசமான கமெண்ட்டை அழிக்கச் சொல்றவரு.

ஈசூன் அக்கா: அழிச்சா ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்ல சுத்தும். அங்கேயே பதில் சொல்லு, வாங்கினவர் பேரு, வண்டி நம்பர் மட்டும் வேணாம். முதல்ல ஒரே ஒரு காருக்கு மாமாகிட்ட கேட்டுப் பாரு.