கெர்னல் எச்சரிக்கைகளை எல்லாம் துடைத்தே ஆக வேண்டுமா?

பாயான் லெப்பாஸ்வாசி:
எங்கள் மின்சுற்றுப் பலகையை லினக்ஸ் இயக்கும்படி எழுதிய டிரைவர் நிரலில் ஸ்பார்ஸ் கருவியை ஓட்டினோம். நிரலை இயக்காமல் மூலத்தைப் படித்தே பிழை சொல்லும் கருவி அது; லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் 2003இல் அதன் மையப்பகுதியான கெர்னலுக்காகவே எழுதத் தொடங்கியது. ஏகப்பட்ட எச்சரிக்கைகள். மாதக் கடைசிக்குள் பூஜ்யமாக வேண்டும் என்று மேலாளர் உத்தரவு. புதிதாகச் சேர்ந்த தம்பி இரண்டே நாளில் பாதியைக் காலி செய்துவிட்டான். மூலத்தைத் திறந்து பார்த்தால் வயிறு கலங்குகிறது. பயனர் நிரல் தந்த முகவரியை கெர்னல் நேரடியாகத் தொடுகிறது என்று கருவி கத்திய நான்கு இடங்களிலும் 'தெரிந்தேதான் செய்கிறேன், எச்சரிக்காதே' என்று பொருள்படும் 'ஃபோர்ஸ்' குறியைப் போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறான். முகவரியைச் சரிபார்த்து நகலெடுக்கும் 'காப்பி ஃப்ரம் யூசர்' வழியாக அல்லவா தரவை எடுக்க வேண்டும்! இப்படித் துடைப்பதற்குத் துடைக்காமலே விடலாம் என்பது என் கட்சி.

செந்தூல்காரன்:
தம்பி செய்தது தவறு. அதற்காகப் பூஜ்யம் என்ற இலக்கு தவறாகிவிடாது. முன்னூறு எச்சரிக்கை ஓடுகிற திரையில் முன்னூற்று ஒன்றாவதை யார் பார்க்கிறார்கள்? 'புலி வருகிறது' கதைதான். பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் கட்டளையில், அடுத்த வழிக்குள் நழுவாமல் நிறுத்தும் பிரேக் விட்டுப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்னல் முழுக்க ஒவ்வோர் இடமாகப் பார்த்து, வேண்டுமென்றே விட்டதா, மறதியா என்று பிரித்தார்கள். அந்தச் சலிப்பூட்டும் வேலையில் உண்மையான பிழைகளும் அகப்பட்டன. 2019இல், 5.3 பதிப்பில், அந்த எச்சரிக்கையை, மூலத்தை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியான ஜிசிசிக்கு நிரந்தரமாக இயக்கிவிட்டார்கள்.

பட்டர்வொர்த் பெரியவர்:
"ஒவ்வோர் இடமாகப் பார்த்து" என்கிறீர்களே, மாதக் கடைசி அதற்குத்தான் இடம் கொடுப்பதில்லை. 2009இல் மெய்நிகர் வலையமைப்புக்கான டன் டிரைவரில் நடந்தது நினைவிருக்கிறதா? 2.6.30 பதிப்பில் நினைவக முகவரியைத் தாங்கும் ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரிகளில் அது எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியா என்று சோதித்திருந்தார்கள். 'ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, வெற்றாக இருக்க வழியில்லை' என்று ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சாதாரணப் பயனர் கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரம் பெற வழி பிறந்தது. அதன் பிறகுதான் இத்தகைய சோதனைகளை நீக்காதே என்ற கட்டளையோடு கெர்னலைத் தொகுக்கிறார்கள்.

செந்தூல்காரன்:
ஐயா, இது எனக்கல்லவா சாட்சி! அந்த வரிசைக்கோளாறை எச்சரிக்கும் கருவியை ஓட்டி, யாராவது ஒருவர் படித்திருந்தால் ஓட்டை அன்றே அடைபட்டிருக்கும்.

பட்டர்வொர்த் பெரியவர்:
படித்திருந்தால், சரி. வெறுமனே துடைத்திருந்தால்? சோதனையை மேலே தூக்கி வைத்தாலும் கருவி அடங்கும், சோதனையை அழித்தாலும் அடங்கும். ஜிசிசி செய்த வேலையை மனிதன் தன் கையால் செய்த கதையாகிவிடும். மேலாளரின் அட்டவணையில் இரண்டுக்கும் ஒன்றுதான் குறையும்.

செந்தூல்காரன்:
அதற்கு மறுஆய்வு இருக்கிறது. 'ஃபோர்ஸ்' போட்ட வரியை ஒப்புதல் கொடுத்து உள்ளே விட்டது யார்?

பாயான் லெப்பாஸ்வாசி:
நான்தான். வெள்ளிக்கிழமை மாலை, பாலத்தில் நெரிசல் தொடங்குமுன் கிளம்ப வேண்டிய அவசரம். நான்கையும் நேற்றிரவு பழையபடி ஆக்கிவிட்டேன். எண்ணிக்கை நான்கு கூடியிருக்கிறது. இன்று தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் இடத்தைத் திருத்தவே மதியம் இரண்டு மணியாகிவிட்டது. மேலாளர் இன்னும் அட்டவணையைத் திறக்கவில்லை.